எடை குறைத்த பிறகுதான் வேலையே ஆரம்பம்

எடையைக் குறைக்க என்ன வழி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மாவுச்சத்தை ஒதுக்கு என்பார் ஒருவர். எண்ணெயைத் தொடாதே என்பார் இன்னொருவர். இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடு என்பார் மூன்றாமவர். வேடிக்கை என்னவென்றால், மூன்றில் எதைப் பிடிவாதமாகச் செய்தாலும் முதல் சில மாதங்களுக்கு எடை இறங்கத்தான் செய்யும். அதனால்தான் எல்லா டயட்டுக்கும் சாட்சி சொல்ல ஆள் கிடைக்கிறது. இரண்டு வருடம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் போய் விசாரித்தால் கதை வேறாக இருக்கும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்பு குறைந்த உணவும் இன்னொரு குழுவுக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் ஒரு வருடத்துக்குப் பழக்கினார்கள். 2018இல் முடிவு வந்தது. முதல் குழு சராசரியாக 5.3 கிலோ குறைத்திருந்தது, இரண்டாவது குழு 6 கிலோ. கணக்கில் எடுத்துக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் இருபது கிலோவுக்கு மேல் இறக்கியவரும் இருந்தார், எடை கூடிப்போனவரும் இருந்தார். எந்த டயட் என்ற சண்டையை இத்தோடு விட்டுவிடலாம். குறைந்த எடை ஏன் திரும்பி வருகிறது, வராமல் இருக்க என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

உடம்பு எதிர்த்து நிற்கும் விதம்

எடை குறைந்தால் உடம்பு இரண்டு வழியில் பதிலடி கொடுக்கிறது. ஒன்று, செலவைச் சுருக்குகிறது. உடம்பு சிறிதாகிவிட்டதால் அதைச் சுமந்து திரியவும் சூடாக வைத்திருக்கவும் தேவைப்படும் சக்தி குறைகிறது. அதற்கு மேலும் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கிறது. இரண்டாவது, பசியை ஏற்றிவிடுகிறது. இதைத்தான் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் 1994இல் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சேதி சொல்வது அதன் வேலை. கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும். இருப்பு தீர்கிறது என்று மூளை எடுத்துக்கொண்டு பசியைத் தூண்டும். இது எத்தனை நாள் நீடிக்கும் என்பதை மெல்போர்னில் பார்த்தார்கள். உடல் பருமன் உள்ள 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். சராசரியாக 13.5 கிலோ இறங்கியது. ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்தபோதும் லெப்டின் பழைய அளவுக்கு ஏறவில்லை, பசியைத் தூண்டும் கிரெலின் இறங்கவில்லை, பசி உணர்வும் தொடக்கத்தில் இருந்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. 2011இல் வெளியான ஆய்வு இது. எடை திரும்பியவர்களைப் பார்த்து வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று சொல்பவர்கள் படிக்க வேண்டியது.

இந்த இரண்டு எதிர்ப்புக்கும் எண் உண்டு. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் அப்போது ஆய்வாளராக இருந்த கெவின் ஹாலும் அவருடைய சகாக்களும் போட்ட கணக்குப்படி, ஒவ்வொரு கிலோ குறையும்போதும் உடம்பின் தினசரிச் செலவு 20 முதல் 30 கலோரி வரை இறங்குகிறது. பசியோ கிலோவுக்குச் சுமார் 100 கலோரி ஏறுகிறது. 80 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய உடம்புக்குத் தேவை தினமும் 160 முதல் 240 கலோரி வரை குறைந்துவிட்டது. ஆனால் அவருடைய பசி முன்பைவிட 800 கலோரி கூடுதலாகக் கேட்கிறது. இந்த இழுபறிக்கு நடுவில்தான் அவர் வாழ வேண்டும். வெறும் மன உறுதியை நம்பி வருடக்கணக்கில் இதைத் தாங்குவது நடக்காத காரியம். பசியையே கொஞ்சம் அடக்கித் தரும் சாப்பாடு வேண்டும், யோசிக்காமல் நடந்துகொள்ளும்படியான பழக்கம் வேண்டும், எடை ஏறினால் உடனே தெரிவிக்கும் ஏற்பாடு வேண்டும்.

7,700 கணக்கின் ஓட்டை

ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. அதனால் தினமும் 500 கலோரி குறைத்தால் வருடத்துக்கு 24 கிலோ குறையும் என்று செயலிகளும் டயட் அட்டவணைகளும் கணக்குக் காட்டும். மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் 1958இல் எழுதியதிலிருந்து பரவிய வாய்பாடு இது. திசுவில் உள்ள சக்தியைச் சொல்வதில் தவறில்லை. எடை குறையக் குறையச் செலவும் குறையும் என்பதை அது கணக்கில் சேர்க்கவில்லை, அதுதான் ஓட்டை. அட்டவணையை நம்பியவர் ஆறாவது மாதம் எடை நின்றுபோனதைப் பார்த்து, தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டுகிறார்.

இதற்குப் பதில் 2011இல் ஹால் குழுவினர் கொடுத்த வாய்பாடு நடைமுறைக்கு நெருக்கமானது. தினசரி உணவில் நிரந்தரமாக 24 கலோரி குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி ஒரு வருடத்துக்குள் வரும், மீதியில் பெரும்பகுதி வர மூன்று வருடம் ஆகும். தினமும் 240 கலோரி குறைத்தால் முதல் வருடம் ஐந்து கிலோ, போகப்போக மொத்தம் பத்துக் கிலோ. சராசரி மனிதருக்கான தோராயக் கணக்குதான். இருந்தாலும் இது சொல்லும் ஒரு விஷயம் முக்கியமானது. அந்த 240 கலோரி இனி ஒருநாளும் திரும்பப் போவதில்லை. இலக்கு எடையைத் தொட்டதும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் பழைய எடையும் அதே நிதானத்தில் திரும்பும்.

ஆகவே, குறைக்கத் தொடங்கும் நாளிலேயே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. இப்போது நான் செய்யும் மாற்றத்தில் எது ஐந்து வருடம் கழித்தும் இருக்கும்? பழச்சாறு மட்டும் குடிப்பது இருக்காது. சமையலில் எண்ணெய் குறைந்தது இருக்கலாம்.

எண்ணெயை எப்படி அளப்பது

எண்ணெயைச் சொன்னதால் அதையே கொஞ்சம் நெருக்கத்தில் பார்ப்போம். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. எந்த எண்ணெயானாலும் ஏறத்தாழ இதே கணக்குதான். இதயத்துக்கு நல்லது என்று விற்கப்படுவதிலும் கலோரி குறைவதில்லை. பாட்டிலைச் சாய்த்துக் கண்ணளவில் ஊற்றும் வீட்டில் ஒரு ஊற்றலுக்கு ஒன்றா, இரண்டரையா என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கரண்டியால் அளந்து ஊற்றச் சொல்வார்கள். இரண்டு வாரம் செய்வோம், பிறகு விட்டுவிடுவோம்.

மாதக் கணக்கு பார்ப்பது எளிது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 920 கிராம். கிராமுக்கு 9 கலோரி என்றால் மொத்தம் 8,280. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 207 கலோரி. அதை இரண்டு லிட்டராக்கினால் ஆளுக்குத் தினம் 69 கலோரி மிச்சம். மேலே சொன்ன 24 கலோரி வாய்பாட்டில் போட்டால், சில வருடங்களில் ஆளுக்கு மூன்று கிலோ அளவுக்கு வித்தியாசம். பொரித்துவிட்டுக் கொட்டும் எண்ணெயைக் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். செய்ய வேண்டியது, புதுப் பாட்டிலைத் திறக்கும் தேதியை அதன் மேலேயே எழுதி வைப்பது. வாசல் கதவை ஒட்டி நிற்கும் எந்த ஜிம்மும் இவ்வளவு குறைந்த சிரமத்தில் இந்தப் பலனைத் தராது.

கண்ணளவு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 1992இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. தினமும் 1,200 கலோரிதான் சாப்பிடுகிறேன், எடை குறையவே இல்லை என்று சொன்ன பத்துப் பேரைச் சோதித்தார்கள். அவர்கள் சாப்பிட்டது, சொன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடலுழைப்பையோ பாதிக்குப் பாதி கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உடம்பின் அடிப்படைச் செலவு அவர்களுக்கு இயல்பாகவே இருந்தது. மனிதருக்குச் சாப்பிட்டது ஞாபகம் இருப்பதில்லை, குறிப்பாகச் சமைக்கும்போது வாயில் போட்டதும் பிள்ளைகள் மீதம் வைத்ததும். இதற்காக ஆயுள் முழுக்க எழுதி வைக்கச் சொல்லத் தேவையில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், சமையல் தராசு வைத்து எல்லாவற்றையும் நிறுத்து எழுதினால் போதும். கண் மறுபடி பழகிக்கொள்ளும்.

பசியை அடக்கும் சாப்பாடு

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம் என்ற விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது ஏன் வேலை செய்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. வயிறு நிறைந்ததை உணர்வது கனத்தை வைத்து. கலோரியை அது எண்ணுவதில்லை. தண்ணீரும் நாரும் உள்ள உணவு கனத்தைத் தந்து கலோரியைக் குறைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, தினம் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும், 25 கிராம் நார்ச்சத்தும். 400 கிராமை ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள். நாம் நினைப்பதைவிட நிறைய இருக்கும்.

புரதத்துக்கு இரண்டு வேலை. நெடுநேரம் பசி தாங்கும். எடை குறையும்போது தசை கரைவதைத் தடுக்கும். செரிமானத்துக்கே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும். மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 சதவீதம்தான். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் நல்லது. 70 கிலோ உள்ளவருக்கு 84 முதல் 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த பருப்பு நூறு கிராமில் 8 அல்லது 9, சமைத்த மீனோ கோழியோ நூறு கிராமில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளாவிட்டால் இந்த அளவு எட்டாது. பலரும் காலையில் வெறும் மாவுச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு இரவில் ஈடுகட்டப் பார்ப்பார்கள், பதினொரு மணிக்கே பசிக்கிறது என்றும் புலம்புவார்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பாக்கெட் உணவைப் பற்றி ஒரு வார்த்தை. 2019இல் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் வழக்கமான சமையல் உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் ஆளுக்குத் தினம் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டு வாரத்தில் எடை 0.9 கிலோ ஏறியது. வேகமாகச் சாப்பிட்டார்கள் என்பதும் பதிவானது. ஆகவே, நொறுக்குத்தீனியை எண்ணி எண்ணிச் சாப்பிடுவதைவிட வீட்டுக்குள் வாங்கி வைக்காமல் இருப்பது மேல். கடையில் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்வது, அலமாரி முன்னால் முப்பது தடவை சொல்வதைவிடச் சுலபம்.

நடை எதற்கு, எடை தூக்குவது எதற்கு

உடற்பயிற்சியால் மட்டும் எடை பெரிதாக இறங்காது. 70 கிலோ உள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 250 கலோரி போலச் செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் 70ஐக் கழித்தால் மிச்சம் 180. ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய்.

ஆனால் குறைந்த எடையைக் காப்பதில் நடையின் பங்கு வேறு. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஆராய்ந்தார்கள். முப்பது வாரத்தில் சராசரியாக 58 கிலோ இறக்கியவர்கள் அவர்கள். 41 கிலோ திரும்பி வந்துவிட்டது. உடம்பின் அடிப்படைச் செலவோ எதிர்பார்க்க வேண்டிய அளவைவிடத் தினம் 500 கலோரி குறைவாகவே நின்றுபோயிருந்தது. இவர்களிலும் எடையைக் காத்துக்கொண்ட சிலர் இருந்தார்கள். அவர்கள் உடலுழைப்பை மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட்டியிருந்தார்கள். 1994இல் ரெனா விங்கும் ஜேம்ஸ் ஹில்லும் தொடங்கிய அமெரிக்கத் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் சேர வேண்டுமானால் 13.6 கிலோ குறைத்து, அதை ஒரு வருடமாவது ஏறாமல் காப்பாற்றியிருக்க வேண்டும். அதில் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தினம் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது நடைதான்.

எடை ஏறாமல் இருக்க வாரம் 150 நிமிடம் பலருக்குப் போதும். குறைத்ததைக் காக்க 200 முதல் 300 நிமிடம் தேவைப்படும். 300ஐ ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 43 நிமிடம். ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை, பதினைந்து பதினைந்தாக மூன்று தடவை நடந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

தசைப் பயிற்சியைப் பலரும் இளைஞர்களுக்கானது என்று தள்ளிவிடுகிறார்கள். குறையும் எடையில் சுமார் கால் பங்கு கொழுப்பல்லாத திசு. எடை திரும்பும்போது கொழுப்பு முந்திக்கொண்டு திரும்பும். இப்படி நான்கைந்து தடவை இறங்கி ஏறினால், அதே எடையில் தசை குறைந்து தொப்பை பெருத்த உடம்பு மிஞ்சும். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 25 நிமிடம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரிலோ தரையிலோ கையூன்றித் தள்ளுவது, எடையைத் தன் பக்கம் இழுப்பது, குனிந்து தூக்குவது என நான்கு அசைவு. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். 12 சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். கூட்டாமல் வருடம் முழுக்க ஒரே எடையைத் தூக்குவதுதான் பலரும் செய்யும் தவறு.

பழக்கம் பிடிக்க எத்தனை நாள்

21 நாளில் பழக்கமாகிவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புதிய பழக்கம் ஒன்றைத் தொடங்கியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமட்டமாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்தும் பழக்கத்தைப் பொறுத்தும் 18 நாளிலிருந்து 254 நாள் வரை நீண்டது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை என்பதும் தெரிந்தது. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், உடற்பயிற்சி தாமதமாகத்தான் ஒட்டும்.

நாளைக்கு எப்படியும் நடக்கப் போகும் ஒன்றோடு புதியதைக் கட்டிவிட வேண்டும். 'தினமும் நடப்பேன்' என்பது ஒட்டாது. 'மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போடுவேன்' என்பது ஒட்டும். ஒரு நேரத்தில் ஒன்று. அது கையில் வந்த பிறகு அடுத்தது. ஜனவரி முதல் தேதி ஆறு சபதம் எடுப்பவர் பிப்ரவரியில் ஆறையும் விடுவார்.

தூக்கம் இதில் ஒளிந்திருக்கும் ஓட்டை. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் 80 பேரைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்குத் தூக்கத்தை நீட்டிக்க மட்டும் வழி சொல்லிக் கொடுத்தார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தூக்கம் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் கூடியது. சாப்பாடு தானாகவே தினம் 270 கலோரி குறைந்தது. 2022இல் வந்த முடிவு. இரவு பன்னிரண்டு வரை கைபேசியும் கையுமாக இருப்பவர் முதலில் தொட வேண்டியது தட்டை அல்ல.

தினமும் எடை பார்க்கலாமா

பார்க்கலாம். ஆனால் அன்றைய எண்ணை நம்பக் கூடாது. காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில், கெட்டியான சமதரையில் வைத்த மெஷினில் பார்க்க வேண்டும். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும்.

ஒரு வாரம் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 72.4, 72.9, 72.1, 72.6, 73.3, 73.0, 72.5. புதனன்று 72.1 பார்த்தவர் வெள்ளியன்று 73.3 கண்டால் இரண்டு நாளில் ஒன்றேகால் கிலோ ஏறிவிட்டது என்று பதறி அன்றைக்குப் பட்டினி கிடப்பார், சனியன்று இரண்டு மடங்கு சாப்பிடுவார். சராசரி 72.7. போன வாரமும் 72.7 என்றால் எதுவுமே நடக்கவில்லை. உப்பு கூடுதலான ஒரு வேளை சாப்பாடு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், மலச்சிக்கல், கடுமையான பயிற்சிக்குப் பிறகு தசையில் தேங்கும் நீர் என்று ஒரு கிலோ ஏற எத்தனையோ காரணம் உண்டு.

கோடு எங்கே போடுவது? ரெனா விங் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைத்த 314 பேரில் ஒரு பகுதியினருக்கு போக்குவரத்து விளக்கு போல மூன்று நிறம் கற்றுக்கொடுத்தார்கள். நின்ற எடையிலிருந்து 1.4 கிலோவுக்குள் இருந்தால் பச்சை, அதைத் தாண்டினால் மஞ்சள், 2.3 கிலோ ஏறினால் சிவப்பு. பதினெட்டு மாதத்தில், செய்திமடல் மட்டும் கிடைத்தவர்களில் 72 சதவீதம் பேருக்குச் சிவப்பு வரை ஏறியது. நேரில் கூடிப் பயின்றவர்களில் அது 46 சதவீதம். ஏறுவது முழுவதுமாக நிற்கவில்லைதான். ஆனாலும் இரண்டு கிலோவைத் திருப்புவது ஒரு மாத வேலை, பத்துக் கிலோவைத் திருப்புவது மறுபடி முதலிலிருந்து. எண்ணைப் பார்த்தாலே மனம் கலங்குகிறவர்களும், உணவுக் கோளாறு வரலாறு உள்ளவர்களும் மெஷினை விட்டுவிட்டு மாதம் ஒரு தடவை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்தால் போதும். உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. 160 செ.மீ. உயரத்துக்கு 80 செ.மீ.

இலக்கைத் தொட்ட வாரம்

பலரும் சறுக்குவது இங்கேதான். டயட் முடிந்தது என்ற எண்ணம் வந்ததும் பழைய அளவு முழுவதும் ஒரே நாளில் திரும்பிவிடுகிறது. செய்ய வேண்டியது, வாரத்துக்கு 100 கலோரி வீதம் கூட்டிக்கொண்டே போய், வாரச் சராசரி மூன்று நான்கு வாரம் அசையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்துவது. கூட்டுவதைத் தானியத்திலோ பழத்திலோ கூட்டலாம், நொறுக்குத்தீனியில் வேண்டாம்.

இந்த நாட்களில் எடை ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை திடீரென்று ஏறும். பயந்துவிடக் கூடாது. தசையும் கல்லீரலும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டயட்டின் முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கியதும் இதே தண்ணீர்தான். 72இல் நிற்க ஆசைப்படுபவர் 71 வரை இறங்கிவிட்டுக் கூட்டத் தொடங்கினால் கணக்கு சரியாக வரும்.

விருந்து, பயணம், பண்டிகை மாதங்களில் எடை குறைக்க முயல வேண்டாம், ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். அமெரிக்காவில் 195 பேரைத் தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வில் ஆண்டு இறுதி விடுமுறைக் காலத்தில் ஏறியது சராசரியாக அரைக் கிலோ கூட இல்லை, 0.37 கிலோ. ஆனால் அது பிறகு இறங்கவும் இல்லை. வருடாவருடம் கூடும் எடையின் பெரும்பகுதி இப்படி வந்து தங்கியதுதான்.

மீண்டும் ஏறினால்

சராசரி இரண்டு கிலோ ஏறி இரண்டு வாரம் அங்கேயே நின்றால் பழைய சட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு வாரம் நிறுத்து எழுதுவது, வெளிச்சாப்பாட்டை வாரம் ஒன்றாக்குவது, இனிப்புப் பானங்களை நிறுத்துவது, நடையில் பதினைந்து நிமிடம் கூட்டுவது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறக்கப் பார்க்கக் கூடாது, பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும். நீரிழிவுக்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழும், எனவே மருந்தின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

செமாக்ளூடைட் போன்ற ஊசி மருந்துகள் பசியையே குறைப்பதால் அவற்றில் எடை நன்றாக இறங்குகிறது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் சோதிக்கப்பட்டது. 68 வாரத்தில் 17.3 சதவீதம் குறைத்தவர்களுக்கு, மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ரத்த அழுத்த மாத்திரை போலத் தொடர்ந்து எடுக்க வேண்டியதாக இருக்கலாம் என்று தெரிந்தே தொடங்க வேண்டும். எடுக்கும் காலத்திலேயே புரதத்தையும் தசைப் பயிற்சியையும் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பசியே இல்லாதவர் முதலில் விடுவது புரதத்தைத்தான்.

நிறுத்து எழுதியும் நடந்தும் ஆறு வாரத்தில் சராசரி அசையவில்லை என்றால், அல்லது எதையும் மாற்றாமலே எடை ஏறிக்கொண்டிருந்தால், சாப்பாட்டை மேலும் வெட்ட வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது இரண்டு தாள் கொண்டுபோங்கள்: வாரச் சராசரிகள் ஒன்றில், எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரும் தொடங்கிய தேதியும் இன்னொன்றில். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடையை ஏற்றும். மாற்று உண்டா என்று கேட்கலாம், தானாக நிறுத்தக் கூடாது. தைராய்டுக்கான டிஎஸ்எச் பரிசோதனை, பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் சினைப்பை நீர்க்கட்டி சார்ந்த பரிசோதனை, பெருங்குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்க மூச்சுத்தடைப் பரிசோதனை என்று அவர் பார்ப்பார்.